தாயைக் கேட்டு ஒரு போர்

தரம் ஏழு பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, பண்டாரவளையிலிருந்து கஜேந்திரன் சேர் புத்தலைக்குப் புறப்பட்ட அன்று காலையில், அவரைப் பெற்ற தாய் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் காம்பரா ஒன்றில் உயிரை விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கிடந்தாள். இது அவருக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. நன்றாகத் தெரியும்.

புதன்கிழமையே தம்பியின் மனைவி போன் பண்ணிச் சொல்லியிருந்தாள். கஞ்சி இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, வயதாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆள் தெரிந்தும் தெரியாமலும் கிடக்கிறது. வாய் திறந்தால் பெரியவன் வந்தானா, பெரியவன் வந்தானா என்று மட்டும்தான் கேட்கிறது. அழுதுகொண்டே அவள் சொன்னதையெல்லாம் வாத்தியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்.

"அவன் வந்து கூப்பிடட்டும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிக்குள் மறுபடி போக்குவரத்து வரவேண்டுமானால், ஒருவர் மற்றவர் வாசலுக்கு நேரில் வந்து கூப்பிட வேண்டும். கல்யாணமானாலும் அதுதான், சாவானாலும் அதுதான். போனில் சொன்னால் சொன்னதாகாது. பெண்சாதியை விட்டுச் சொன்னாலும் சொன்னதாகாது. கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிற்பவனை லயமே ஒரு மாதிரி பார்க்கும். யார் எப்போது இந்த முறையைக் கொண்டுவந்தார்களோ தெரியாது. இதைப் பிடித்துக்கொண்டு பெற்றவர்களின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். நம் வாத்தியார் பட்டதாரி. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். அவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

சண்டை தாயைப் பற்றியதுதான். அப்பா வீரய்யா இறந்தபின், இராக்கம்மா இளைய மகன் நிஷாந்தோடு பழைய காம்பராவிலேயே இருந்துவிட்டாள். அண்ணன் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகப் பதினைந்து வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றப் போனவன் நிஷாந்த். அண்ணன் படித்தார், ஆசிரியரானார், சுபாஜினியைக் கட்டினார், பண்டாரவளையில் ஒரு வீடும் கட்டினார். வீட்டில் வெயில் விழுகிற பக்கமாக ஓர் அறையைத் தாய்க்கென்று ஒதுக்கி, கட்டில் போட்டு, வேன் பிடித்துக்கொண்டு கூட்டிப்போக வந்தார். அது நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நிஷாந்த் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். நீ படித்தாய், நான் அம்மாவோடு இருந்தேன். எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான், இதையும் கொண்டுபோகப் பார்க்கிறாயா என்று கேட்டான். இந்த ஓட்டைத் தகரத்துக்குக் கீழேயே அவள் செத்துப்போக வேண்டுமா என்று அண்ணன் கேட்டார். பேச்சு முற்றியது. அண்ணன் லயத்து ஜனங்கள் பார்க்கத் தம்பியின் கன்னத்தில் அறைந்தார். தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துப் படியிலிருந்து கீழே தள்ளினான். இராக்கம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய்விட்டாள். வேன் வெறுமனே திரும்பியது.

அதற்கப்புறம் அண்ணன் மூன்று தடவை கேட்டனுப்பினார். முதல் தடவை தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொல்லி. இரண்டாம் தடவை கடிதம் எழுதி. மூன்றாம் தடவை சுபாஜினியைப் பேசச் சொல்லி. மூன்று தடவையும் முடியாது என்றே பதில் வந்தது. இனி அவன் என் வாசலுக்கு வந்து கூப்பிடாமல் அந்த லயத்து மண்ணை மிதிக்கமாட்டேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, மிதிக்காமலே நாலு தீபாவளியைக் கழித்தார்.

பஸ் எல்ல என்ற ஊரைத் தாண்டி இறக்கத்தில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தபோது மணி ஏழு. வீதியோரக் குரங்குகளைக் கண்டு பிள்ளைகள் போட்ட கூச்சலில் போன் அடித்ததே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த றின்ஸா டீச்சர்தான் சேரின் சட்டைப்பையைக் காட்டினாள். பேசியது சுபாஜினி.

"ஒங்க தம்பி வந்துட்டுப் போறாருங்க," என்றாள். "நீங்க போயி கால் மணி நேரம்கூட இல்ல. வாசல்லயே நின்னுட்டாரு, உள்ள வரல."

மீதியையும் அவளே சொன்னாள். விடியுமுன்னே பதுளைக்கு நடந்து வந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறான். தூற்றலில் தலை நனைந்திருந்தது. தேத்தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டான். அண்ணனை நேரில் கூப்பிடத்தான் வந்தேன், வந்தேன் என்று சொல்லுங்கள் அண்ணி, அம்மாவின் உயிர் அண்ணனுக்காகத்தான் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, அங்கே தாய் எந்த நேரத்திலும் போய்விடுவாள் என்று உடனே திரும்பிவிட்டான்.

வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கஜேந்திரனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். நாலு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. வந்துவிட்டான். கடைசியில் அவன்தான் வந்தான். தூற்றலில் நனைந்துகொண்டு தன் வாசலில் தம்பி நின்ற நிற்பை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதன் பிறகுதான் தாயின் நினைவு வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் றின்ஸா டீச்சர் பதறிப்போனாள். "வெல்லவாயவுல எறங்கிப் போயிடுங்க சேர். புள்ளைகள நான் பாத்துக்குவேன். உம்மாட விஷயம், தள்ளிப் போடாதீங்க," என்றாள்.

அவர் யோசித்தார். வெல்லவாயவில் இறங்கினால் பதுளைக்கு பஸ் இருக்கிறது. பத்து மணிக்குள் போய்விடலாம். ஆனால் நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் ஒரே டீச்சரின் தலையில் கட்டிவிட்டுப் போவதா? பாடத்தை மட்டும் சொல்லிவிட்டு, அங்கிருந்தே பத்து மணிக்குக் கிளம்பிவிடுகிறேன் என்றார். வெளியே சொன்ன காரணம் இது. உள்ளே இருந்தது வேறு. நான் நாலு வருஷம் காத்திருந்தேன், அவன் நாலு மணி நேரம் காத்திருக்கட்டுமே என்று இருந்தது. காத்துக் கிடப்பது தம்பி இல்லை, தாய் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை. படித்தவர்களுக்கும் எட்டாத நேரம் உண்டு.

புத்தலைக்குப் பக்கத்தில் யுதகனாவை என்று ஓர் இடம். பெரிய செங்கல் மேடு ஒன்று, அகன்ற வயிற்றோடு முடிக்கப்படாமல் நிற்கும் பௌத்தத் தாதுகோபம். அண்ணன் தம்பியான இரண்டு அரசர்கள் மோதிக்கொண்டது இங்கேதான் என்று சொல்வார்கள். பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, மேட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஒரு மர நிழலில் உட்காரவைத்தார் வாத்தியார். போனைச் சத்தம் வராதபடி ஆக்கிப் பைக்குள் போட்டார். மணி ஒன்பதரை. மலையில் குளிரிலேயே வளர்ந்த பிள்ளைகள் அந்த வெக்கையில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பதினைந்து வருஷமாகச் சொல்லிவரும் கதை. ஆனாலும் அன்றைக்குப்போல் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. குரலில் அப்படி ஓர் எழுச்சி.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், உருகுணை நாட்டில் மாகமையிலிருந்து ஆண்ட காவந்திஸ்ஸ மன்னனுக்கும் விகாரமாதேவிக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கைமுனு, இளையவன் திஸ்ஸன். கைமுனுவுக்குப் போர் செய்ய ஆசை. தகப்பன் வேண்டாம் என்று தடுத்தான். நீங்கள் ஆம்பிளையாக இருந்தால் இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று தகப்பனுக்கே பெண்கள் போடும் நகையை அனுப்பிவைத்தான் மகன். பிள்ளைகள் சிரித்தார்கள். தகப்பனுக்குக் கோபம் வருமா வராதா? வந்தது. மகன் ஓடிப்போய் ஒளிந்துகொண்டான். எங்கே தெரியுமா, நம்முடைய மலைநாட்டில்தான் என்றதும், பிள்ளைகள் தாங்களே ஒளித்துவைத்ததுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூத்தவன் ஒளிந்திருந்த காலத்தில் தகப்பன் இறந்துபோனான். இளையவன் தீகவாபியிலிருந்து வந்து தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தான். செய்துவிட்டு, அண்ணன் வந்தால் விடமாட்டான் என்று பயந்து, தாயையும் கண்டுல என்ற பட்டத்து யானையையும் தன்னோடு கொண்டுபோய்விட்டான். கைமுனு மலையிலிருந்து இறங்கிவந்து முடி சூட்டிக்கொண்டான். தம்பிக்கு ஓலை அனுப்பினான்: அம்மாவை அனுப்பு, யானையை அனுப்பு. தம்பி முடியாது என்றான். இப்படி மூன்று தடவை ஓலை போயிற்று. மூன்று தடவையும் முடியாது என்றே வந்தது. மூன்று என்று விரலைக் காட்டிச் சொன்னபோது வாத்தியாரின் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அது கதைக்காகப் போட்ட குரல்.

அப்புறம் போர். முதல் போரில் அண்ணன் தோற்றான். ஆயிரக்கணக்கான ஆட்கள் விழுந்துகிடக்க, ஒரு மந்திரியும் ஒரு பெண்குதிரையும் மட்டும் துணையாக அவன் காட்டுக்குள் ஓடினான். பசிக்கிறது என்றான். மந்திரி ஒரே ஓர் ஆளுக்கான சோறு வைத்திருந்தான். கைமுனு அதை நாலு பங்காக்கச் சொன்னான். நாலு பங்கு யார் யாருக்கு என்று கேட்டபோது, பிள்ளைகள் தங்களுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு துறவிக்கு, தனக்கு, மந்திரிக்கு, குதிரைக்கு என்று வாத்தியார் சொன்னார்.

இரண்டாம் போர் இந்த வெளியில் நடந்தது என்பார்கள். அண்ணன் அதே குதிரைமேல், தம்பி கண்டுல யானைமேல். படைகள் ஒதுங்கி நிற்க இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தார்கள். அண்ணன் குதிரையை யானைக்கு மேலாகவே பாயவிட்டான். வாத்தியார் கையை வீசிக் காட்ட, முன்வரிசைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யானைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு குதிரை தன்னைத் தாண்டிப் போகும்படி ஓட்டிய பாகனையா சுமப்பது என்று தம்பியை மரத்தில் உரசித் தள்ளிவிட்டு, அண்ணனிடம் போய் நின்றது. தம்பி எழுந்து ஓடினான். ஒரு விகாரைக்குள் புகுந்து பெரிய துறவியின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தான். அண்ணன் வாளோடு துரத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றான். தம்பி எங்கே என்று கேட்டான். கட்டிலில் இல்லை என்றார் துறவி. கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறான் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் துறவிகள் இருக்கும் இடத்துக்குள் வாளோடு போகக்கூடாது. வெளியிலேயே காத்து நின்றான். பிறகு நாலு இளம் துறவிகள் அந்தக் கட்டிலில் தம்பியைப் படுக்கவைத்து, இறந்துபோன துறவியைக் கொண்டுபோவதுபோல் போர்த்தி, தோளில் தூக்கிக்கொண்டு அண்ணனுக்கு முன்னாலேயே வெளியே போனார்கள். அண்ணன் அதையும் தெரிந்துகொண்டான். தெரிந்தும் விட்டுவிட்டான்.

கதை அங்கே முடிவதில்லை. பின்னால் ஒரு துறவி இரண்டு பேரையும் சேர்த்துவைத்தார் என்பது பாடத்தில் இருக்கிறது. வாத்தியார் அந்தப் பகுதிக்கு வருமுன் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஜிப்னா என்ற பிள்ளை கையை உயர்த்தினாள். வகுப்பில் வாயே திறக்காதவள் என்பதால் அவரும் சந்தோஷமாகத் தலையசைத்தார்.

"சேர், அந்த உம்மாட்ட யாரும் கேக்கல்லையா, யாரோட இருக்க விருப்பம்னு?"

வாத்தியார் போத்தலை மூடினார். அது புத்தகத்தில் இல்லை என்றார். உண்மைதான், இல்லை. எத்தனை ஆட்கள் விழுந்தார்கள், குதிரையின் பெயர் என்ன, சோறு எத்தனை பங்கு, எல்லாம் இருக்கிறது. தாயைக் கேட்டார்களா என்பது இல்லை. அப்படியென்றால் நீங்கள் சொல்லுங்கள் சேர் என்று ஒரு பையன் கத்தினான். எல்லாப் பிள்ளைகளும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அவருக்குத் தம்பியின் நினைவு வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போன தாயின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வேன் வாசலில் நின்றது. வெயில் விழும் அறையில் கட்டில் தயாராக இருந்தது. ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துப் போட்டிருந்தார்கள். அம்மா, நீ வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்கு அன்றும் தோன்றவில்லை, அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. யாரோ பெற்ற பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வெக்கையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள்.

அதற்குமேல் அவரால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. மீதியை டீச்சர் சொல்லுவா என்று பையை எடுத்துக்கொண்டார். றின்ஸா டீச்சர் எழுந்து பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றாள். அப்போது மணி பத்தேகால்.

மெயின் வீதியில் மொனராகலை போகும் பஸ் கிடைத்தது. ஏறி உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தார். சுபாஜினியிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. கடைசி அழைப்பு பத்து நிமிஷத்துக்கு முன்னால் வந்தது.

திருப்பி எடுக்க விரல் போனது. எடுக்கவில்லை. எடுத்தால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லாதவரைக்கும் தாய் உயிரோடு இருக்கிறாள். பெரியவன் வந்தானா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டங்கள் ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று போனது. ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு ஏறப் பார்த்து, நடத்துனரோடு சண்டை போட்டார். இந்த உலகத்தில் யாருக்கும் அவசரமில்லை.

மொனராகலையில் பதுளை பஸ் ஆள் நிரம்பட்டும் என்று முக்கால் மணி நேரம் நின்றது. பசறை மலையில் ஏறும்போது போன் மறுபடி அதிர்ந்தது. சுபாஜினி. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர், எடுங்களேன், யாரோ பாவம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். வாத்தியார் போனை அணைத்தார். அம்மா, அம்மா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். வெல்லவாயவில் இறங்கியிருந்தால் இந்நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். இதை எத்தனை தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் மூன்று மணி நேரம்தான் வந்தது.

பதுளையில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தார். ஸ்பிரிங்வெளிப் பாதையில் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில், இரண்டு பையன்கள் மூங்கில் கம்பில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, செத்த வீட்டுக்கா ஐயா போறீங்க என்று கேட்டார். கஜேந்திரன் கையை நீட்டி லயத்துப் பாதையைக் காட்டினார்.

லயத்து வாசலில் தகரக் கூரையோடு சேர்த்துப் படங்கு விரித்துப் பந்தல் கட்டியிருந்தது. கோயில் வாங்குகளைக் கொண்டுவந்து போட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். செத்த வீட்டுக்கு உறவுக்காரர் ஒருவர் வந்து இறங்கினால், பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்வது வழக்கம். இவர் படியேறியபோது அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். கூடத்துக்கு வழிவிட்டார்கள், அவ்வளவுதான். பண்டாரவளையிலிருந்து முன்னமே வந்துவிட்டிருந்த சுபாஜினி, மாமியாரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

இராக்கம்மாவின் முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. நாடியைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய விரல்களைச் சேர்த்து மார்பில் வைத்திருந்தார்கள். கஜேந்திரன் காலடியில் விழுந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். அது சில்லென்றிருந்தது. அழுகை வரும் என்றுதான் அவரும் நினைத்தார், வரவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். பத்து மணிக்கு என்று யாரோ சொன்னார்கள். குதிரையை யானைக்கு மேலாகப் பாயவிட்ட நேரம்.

நிஷாந்த் அங்கே இல்லை. பின்பக்கம் இருக்கிறான் என்றார்கள். பீலிக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தான். காலையில் போட்ட சட்டைதான் இன்னும். தோளில் ஈரம் காய்ந்திருந்தது. நாலு வருஷத்தில் தலையில் பாதி நரைத்துவிட்டது. அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றான். அடிப்பான் என்று கஜேந்திரன் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் அடிக்கவில்லை. கண்ணெல்லாம் வீங்கிப்போய், எதையோ கேட்டுப் பயந்துபோன ஆளாக நின்றான்.

"நான் வந்து கூப்பிட்டேன்ல," என்றான்.

"கூப்பிட்ட," என்றார் அண்ணன்.

பிறகு நிஷாந்த் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினான். மூன்று நாளாக ஒவ்வொருவராகப் பால் ஊற்றிப் பார்த்தார்கள். மகள் முறை, மருமகள் முறை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஊற்றினார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை, உயிரும் போகவில்லை. பெரியவனுக்காகக் கிடக்கிறாள் என்றார்கள். அதனால்தான் ரோஷத்தை விட்டுவிட்டு விடியக்காலையிலேயே பண்டாரவளைக்கு ஓடினான். திரும்பி வரும்போது ஒன்பது தாண்டிவிட்டது. தாய்க்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் பெரியவன் வந்தானா என்றுதான் கேட்டாள்.

"வெளிநாட்டுல இருக்க புள்ளைகளுக்காகச் செய்வாங்கள்ல, அவங்க பேரச் சொல்லி வேற ஆளு ஊத்துறது. அப்பிடிச் செய்யின்னாங்க. ஒங்கொரலும் எங்கொரலும் ஒண்ணுதானே. காதுகிட்டக் குனிஞ்சு, அம்மா, நான் கஜேந்திரன் வந்திருக்கேன்னேன்."

அவன் கையைப் பீலித் தண்ணீரில் நீட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் முகம் நனைந்தே இருந்தது.

"கையக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. 'வந்துட்டியா ராசா, என்னயக் கூட்டிக்கிட்டுப் போயிரு'ன்னுச்சு. 'தம்பிகிட்டச் சொல்லாத, அவன் அழுவான்'னுச்சு. அதுக்கப்புறந்தான் பால் எறங்குச்சு."

கஜேந்திரன் துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். நாலு வருஷமாக அவருக்கு வேண்டியிருந்த பதில் இதுதான். தாய் தன்னோடுதான் வர விரும்பினாள். ஒருநாள் இந்த வாசலில் வந்து நின்று கேட்டிருந்தால் வந்திருப்பாள். இப்போது அந்தப் பதில் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவனின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

முன்பக்கத்திலிருந்து யாரோ நிஷாந்தைக் கூப்பிட்டார்கள். பெட்டி எடுக்கப் பதுளைக்குப் போக வண்டி வந்துவிட்டதாம். அவன் போகத் திரும்பினான். இரண்டு அடி வைத்துவிட்டு நின்று, கோபமில்லாமல், மிகவும் மெதுவாகச் சொன்னான்.

"நீ வந்திருந்தா அம்மா அத ஒங்கிட்டயே சொல்லியிருக்கும்ணே. எனக்குத் தெரியாமயே போயிருக்கும்."